விண்ணேறிய கதை – 14: போய்த் திரும்பும் ஐந்து நிமிடம்

சென்ற இதழில் திப்புவின் ராக்கெட்டுகளோடு நின்றோம். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததையும், 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சங்ககிரி, நாமக்கல் கோட்டைகளோடு நம் சேலம் சீமை கும்பினியார் கைக்குப் போனதையும் பார்த்தோம். இந்த வாரம் நேராக 1963-க்குத் தாவுவதாகத்தான் எண்ணம். அதற்குள் சூரமங்கலத்திலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

“சார், திப்பு கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க ஸ்கூலுக்கு ஒருத்தர் வந்துட்டுப் போனாரு. பிள்ளைங்க செய்யற சாட்டிலைட்ட ராக்கெட்ல அனுப்பறாங்களாம். ஆனா அந்த ராக்கெட் மேல போயிட்டு உடனே கீழ வந்துருமாம். அதுல பிள்ளைங்களுக்கு என்ன பிரயோஜனம்? பணம் கட்டலாமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க.”

அதை மட்டும் சொல்ல முடியாது டீச்சர், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரவேண்டும் என்றேன். இந்த அத்தியாயமே அந்தச் சுற்று வழிதான்.

முதலில் கணக்கு. நூறு கிலோமீட்டர் உயரத்தை எட்டிப் பார்த்துவிட்டு விழுவதற்கு நொடிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் வேகம் போதும். பூமியைச் சுற்றிவர நொடிக்கு எட்டு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான வேகம் வேண்டும். வேகம் ஐந்து மடங்குக்கு மேல் என்றால் ஆற்றல் முப்பது மடங்குக்குக் கிட்டப் போய்விடும். அதனால்தான் போய்த் திரும்பும் ராக்கெட் சிறியது, மலிவானது. சுற்றிவரும் ராக்கெட் அரசாங்கம் கட்டும் அளவுக்குப் பெரியதாக இருந்தது. என்ஜின் அணைந்த நொடியிலிருந்து காற்று மறுபடி கெட்டிப்படும் வரை, ராக்கெட்டும் அதற்குள் இருப்பதும் ஒன்றாகவே விழுகின்றன. மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதும் அது விழுதல்தான். உள்ளே எடை தெரியாது. வண்டியைப் பொறுத்து மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ, ஒரு எக்ஸ்பிரஸ் சேலம் ஜங்ஷனில் நின்று கிளம்பும் நேரம்.

அந்த நேரத்தில் என்ன செய்துவிட முடியும்? 1962 ஜூன் 18 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்திலிருந்து ஏரோபீ என்ற சவுண்டிங் ராக்கெட் (மேலே போய் அளந்துவிட்டுத் திரும்பும் வகை) ஒன்று போனது. ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு அதில் எக்ஸ் கதிர் உணர்கருவிகளை வைத்திருந்தது. நிலவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்ப்பது நோக்கம். ராக்கெட் 225 கிலோமீட்டர் ஏறியது, 80 கிலோமீட்டருக்கு மேலே 350 நொடிகள் இருந்தது. நிலவைத் தேடப் போன கருவியில் விருச்சிக ராசிப் பக்கமிருந்து பலமான எக்ஸ் கதிர் பதிவானது. சூரிய குடும்பத்துக்கு வெளியே மனிதன் கண்ட முதல் எக்ஸ் கதிர் மூலம் அது, பெயர் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1. அந்த ஆறு நிமிடத்திலிருந்து ஒரு தனி வானியல் துறை கிளைத்தது. 2002-இல் ஜியாக்கோனிக்கு நோபல் பரிசு வந்தது. உடனே கீழே விழுவதால் பயனில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் எடுத்து வைப்பது இந்த 350 நொடியைத்தான்.

இன்னொரு காரணம் நமக்கு நெருக்கமானது. ஆராய்ச்சி பலூன் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஏறத் திணறும். செயற்கைக்கோள் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கீழே வந்தால் காற்று உரசி விழுந்துவிடும். நடுவே இருக்கும் அடுக்குக்குள் போய் அளந்துவிட்டு வர ராக்கெட்டை விட்டால் வேறு வழி இல்லை. அந்த அடுக்கில், சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டி ஒரு மின்னோட்டம் கிழக்கு மேற்காக ஓடுகிறது. காந்த நடுக்கோடு போவதோ திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில். நம் விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய், ராக்கெட் ஏவ அங்கிருந்த கடலோரத் தும்பாவைத் தேர்ந்தெடுத்த கதை இங்கேதான் தொடங்குகிறது.

தும்பாவில் தூய மரிய மகதலேனா தேவாலயம், மீனவர் குடிசைகள், தென்னை. பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா தம் மக்களிடம் கேட்டு இடத்தைக் கொடுத்தார். தேவாலயம் பணிமனையானது, பிஷப் இல்லம் அலுவலகமானது. 1966-இல் அங்கே போன பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோனின் கேமராவில், சைக்கிள் கேரியரில் ராக்கெட் மூக்கை வைத்துத் தள்ளிப்போகும் காட்சி விழுந்தது. அந்தப் படத்தை நாம் ஏழ்மைக்கு அடையாளமாகவும் பெருமைக்கு அடையாளமாகவும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டோம். எனக்கு அதில் தெரிவது வேறு: பொருள் அவ்வளவு சிறியது. சைக்கிளில் வைக்கக்கூடிய அளவுக்குச் சிறியதாக இருந்ததால்தான் நாம் தொடங்கவே முடிந்தது.

1963 தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் பயிற்சிக்குப் போன இளம் பொறியாளர்களில் ராமேஸ்வரத்து அப்துல் கலாமும், சென்னையில் படித்த ஆர். அரவமுதனும் இருந்தார்கள். வர்ஜீனியா கடலோரத்தில் வாலப்ஸ் தீவு என்ற ஏவுதளம். அங்கே வரவேற்பறைச் சுவரில் ஓர் ஓவியம் கலாமின் கண்ணில் பட்டது. போர்க்களம், ராக்கெட் வீசும் வீரர்கள், அவர்களின் நிறம் வெள்ளையர் நிறமில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் திப்புவின் படை. நம் சீமையில் மறந்துபோனதை அமெரிக்கர்கள் சுவரில் மாட்டியிருந்தார்கள் என்று கலாமே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வாலப்ஸ் என்ற பெயரை நினைவில் வையுங்கள், ஐம்பத்து நான்கு ஆண்டு கழித்து மறுபடி வரும்.

திரும்பி வந்து அதே ஆண்டு நவம்பர் 21-இல் தும்பாவில் முதல் ஏவல். ராக்கெட் அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிப் பெட்டி பிரான்சிலிருந்து, ஷாக் பிளாமோன் குழு கொடுத்தது. தேவாலயக் கட்டடத்தில் கோத்து முடித்து, லாரியில் ஏற்றி, ஏவுமேடையில் பொருத்தத் தூக்கும்போது ஹைட்ராலிக் கிரேன் ஒழுகத் தொடங்கிவிட்டது. ஆறு மணி நெருங்குகிறது. சூரியன் மறைந்த சற்று நேரத்துக்குள் ஏவியாக வேண்டும். தரையில் இருள், மேலே வெயில் என்ற அந்த இடைவேளையில்தான் சோடியம் மேகம் ஒளிரும். ஆட்கள் கூடிக் கையாலேயே தூக்கிப் பொருத்தினார்கள். 6.25-க்கு ராக்கெட் கிளம்பியது. சில நிமிடத்தில் மேற்கு வானில் ஆரஞ்சு நிற மேகம் ஒன்று விரிந்தது, கேரளத்திலும் தென் தமிழகத்திலும் ஜனங்கள் தெருவில் இறங்கிப் பார்த்தார்கள். மேகம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று கேமராக்கள் படம் பிடித்தன. அவ்வளவு உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்பதற்கு நம் நாட்டில் கிடைத்த முதல் அளவீடு அதுதான்.

ஒரு கேள்வி, ஒரு கருவி, ஒரு மாலை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும்.

பணம் யார் கொடுத்தது? ஏறக்குறைய எல்லாமே இனாம். அமெரிக்க ராக்கெட், பிரெஞ்சுக் கருவி, பிறகு சோவியத் ஹெலிகாப்டரும் மின்ஸ்க் கணினியும். பனிப்போரில் முகம் பார்க்காத நாடுகள் தும்பா மணலில் அடுத்தடுத்துக் கூடாரம் போட்டிருந்தன. 1968 பிப்ரவரி 2 அன்று இந்திரா காந்தி அந்த நிலையத்தை ஐ.நா. சபைக்கு அர்ப்பணித்தார். அதற்கு முன்பே, 1967 நவம்பர் 20-இல், 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள முதல் இந்திய ராக்கெட் ஆர்.எச்.-75 பறந்தது. 1976-இல் அகல ரயில் பாதை திருவனந்தபுரம் வரை போனபின் சென்னையிலிருந்து தும்பாவுக்கு வேலைக்குப் போனவர்கள் திருவனந்தபுரம் மெயிலில் நள்ளிரவு வாக்கில் சேலம் ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலத்தைத் தாண்டிப் போனார்கள். நம் ஊருக்கும் இந்தக் கதைக்கும் நெடுநாள் இருந்த உறவு அவ்வளவுதான். தூங்கிக்கொண்டே கடந்திருப்பார்கள்.

(நாமக்கல்லுக்கு அதைவிடக் கெட்டியான உறவு உண்டு. சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்து அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையோடு ஒத்துப்போகும். சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தைச் சோதிக்க இந்தப் பாறையைத்தான் அரைத்து இஸ்ரோவுக்கு அனுப்பினார்கள், சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையும் அதில் வேலை செய்தது. அதற்குத் தனி அத்தியாயம் வரும்.)

அரசாங்கமும் இனாமுமாக இருந்த இந்தத் தொழிலில் காசு வாங்கி ஏற்றிப்போகும் வண்டிகள் எப்போது வந்தன? 2004 அக்டோபர் 4 அன்று ஸ்பேஸ்ஷிப்ஒன் என்ற தனியார் விமானம் இரண்டு வாரத்துக்குள் இரண்டாம் முறையாக நூறு கிலோமீட்டரைத் தாண்டி, ஒரு கோடி டாலர் பரிசை வென்றது. அடுத்த இருபது ஆண்டும் பத்திரிகைகள் எழுதியது பணக்காரச் சுற்றுலாப் பயணிகளைப் பற்றித்தான். ஆனால் ஓரமாக விஞ்ஞானிகள் சிலர் வேறு கணக்குப் போட்டார்கள். தாவரவியலாளர் காட்டுக்குப் போகிறார், புவியியலாளர் மலை ஏறுகிறார், விண்வெளி ஆய்வாளர் மட்டும் கருவியை அனுப்பிவிட்டு ஏன் வீட்டில் உட்கார வேண்டும்? இதை விடாமல் பேசி வந்த ஆலன் ஸ்டெர்ன், புளூட்டோவுக்கு நியூ ஹொரைசன்ஸ் கலத்தை அனுப்பிய குழுவின் தலைவர், 2023 நவம்பரில் வர்ஜின் கேலக்டிக் விமானத்தில் தாமே ஏறிப் போனார். அதே ஆண்டு ஜூன் 29-இல் அந்த நிறுவனத்தின் முதல் வணிகப் பயணமே ஆராய்ச்சிப் பயணமாக அமைந்தது. இத்தாலிய விமானப்படையினர் இருவரும் அந்நாட்டு ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த ஒருவரும் 13 சோதனைகளோடு சென்றார்கள்.

எனக்கு அதிகம் பிடித்தது 2024 ஆகஸ்ட் 29-இல் நடந்தது. புளோரிடா பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ராபர்ட் ஃபெர்ல், புளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்டில் போனார். கையடக்கமான குழாய்களுக்குள் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடிகள், கூடவே அவற்றை அப்படியே உறையச்செய்யும் திரவம். எடை இழக்கும்போது ஒரு குழாய், எடை திரும்பும்போது ஒரு குழாய் என்று பயணத்தின் வெவ்வேறு கட்டங்களில் அழுத்தி, அந்தந்த நொடியில் செடிக்குள் எந்த மரபணு விழித்திருந்தது என்பதைப் பிடித்து வைத்தார். விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்காக வளர்ந்த செடியைப் பற்றி நிறையத் தெரியும். எடை போன முதல் ஒரு நிமிடத்தில் செடி என்ன செய்கிறது என்பதைச் சொல்ல இந்தக் குட்டிப் பயணம்தான் வேண்டும். இதற்கு மூன்று ஆண்டு முன்பே, ஆந்திரத்தில் பிறந்த சிரிஷா பந்த்லா இதே மாதிரிக் குழாய்களை வர்ஜின் விமானத்தில் இயக்கினார். நம் பத்திரிகைகள் அவரது பூர்வீகத்தைப் பக்கம் பக்கமாக எழுதின, குழாயைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். நாமக்கல்லிலிருந்து காவிரியைத் தாண்டினால் கரூர், அந்த மாவட்டத்தில் பள்ளப்பட்டி. அந்த ஊர் இளைஞர் ரிஃபாத் ஷாரூக்கும் நண்பர்களும், சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் துணையோடு, 64 கிராம் எடையில் நாலு சென்டிமீட்டருக்குள் அடங்கும் ஒரு பெட்டி செய்தார்கள். பெயர் கலாம்சாட். பள்ளி மாணவர்களின் சோதனைகளைச் சிறு கனசதுரங்களில் ஏற்றிப்போகும் உலகளாவிய போட்டி ஒன்றில் அது தேர்வானது. 2017 ஜூன் 22 அதிகாலை, நாசாவின் டெரியர் ஓரியன் ராக்கெட்டில் ஏறியது. ஏவிய இடம் வாலப்ஸ். திப்புவின் ஓவியத்தை கலாம் பார்த்த அதே இடத்திலிருந்து அவர் பெயர் தாங்கிய பெட்டி, அவர் மறைந்த இரண்டாம் ஆண்டில்.

உலகின் மிகச் சிறிய செயற்கைக்கோள் என்று நாடு முழுதும் தலைப்புப் போட்டது. செயற்கைக்கோள் என்றால் சுற்ற வேண்டும், இது நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டு அட்லாண்டிக் பெருங்கடலில் இறங்கிய ராக்கெட்டின் பயணி. அந்தத் தலைப்பு பிள்ளைகளுக்குச் செய்தது நன்மையில்லை. ஏனென்றால் அவர்கள் உண்மையில் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: கார்பன் இழை கலந்த பொருளை முப்பரிமாண அச்சில் வார்த்துச் செய்த கூடு, ராக்கெட்டின் அதிர்வையும் மேலே உள்ள சூழலையும் தாங்குமா? அதற்கு விடை காண சுற்றுப்பாதை தேவையே இல்லை. கேள்விக்கு வண்டி பொருந்தியிருந்தது. அந்தப் பொருத்தத்தைப் பாராட்டாமல் ‘மிகச் சிறிய’ என்பதைப் பாராட்டினோம்.

இதே அமைப்பு பிறகு சுற்றும் செயற்கைக்கோள்களும் செய்தது. 2022 ஆகஸ்ட் 7-இல், 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்கெடுத்த ஆசாதிசாட், இஸ்ரோவின் சிறு ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில் ஏறியது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. ராக்கெட்டின் உணர்கருவிக் கோளாறால் வட்டப்பாதைக்குப் பதில் 356-க்கு 76 கிலோமீட்டர் பாதையில் விட்டுவிட்டது. 76 கிலோமீட்டரில் காற்று உண்டு, கலம் தங்கவில்லை. சுற்றப் போனது போய்த் திரும்பும் வண்டியாகிவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம், செய்த பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். 2023 பிப்ரவரியில் ஆசாதிசாட்-2 சரியான பாதையில் சேர்ந்தது.

2022 நவம்பரில் ஒரே வாரத்துக்குள் இரண்டு நிகழ்ச்சி. 18-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஐதராபாத் ஸ்கைரூட் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் கிளம்பியது. இந்தியத் தனியார் ராக்கெட் ஒன்று விண்ணோக்கிப் போனது அதுவே முதல் முறை. ஆறு மீட்டர் நீளம், 545 கிலோ, 89.5 கிலோமீட்டர் உயரம், ஐந்து நிமிடத்துக்குள் வங்கக் கடலில் விழுந்தது. ஏற்றிப்போன மூன்று சரக்கில் ஒன்று, ஸ்பேஸ் கிட்ஸ் வழியாகப் பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து செய்த இரண்டரைக் கிலோ ஃபன்-சாட். ஐந்து நாள் கழித்து, 23-ஆம் தேதி, தும்பாவிலிருந்து ஆர்.எச்.-200 சவுண்டிங் ராக்கெட் தொடர்ச்சியான 200-வது வெற்றியைத் தொட்டது. மூன்றரை மீட்டர் நீளமுள்ள இந்த ராக்கெட்தான் 1979-இல் பருவமழை ஆய்வுக்குப் போனது, பல பத்தாண்டுகளாக மேல்வளிமண்டலக் காற்றை அளந்து தருகிறது. முதல் செய்தி எல்லா முதல் பக்கத்திலும் வந்தது. இரண்டாவதை நான் உள்பக்கத்தில் தேடித்தான் படித்தேன்.

தமிழ்நாட்டில் இதற்குப் பின் வேகம் கூடியது. 2023 பிப்ரவரி 19-இல் செங்கல்பட்டு மாவட்டம் பட்டிபுலத்திலிருந்து, பள்ளி மாணவர்கள் செய்த பிக்கோ எனும் 150 குட்டிக் கருவிகளோடு ஒரு ராக்கெட். 2024 ஆகஸ்ட் 24-இல் திருவிடந்தைக் கடற்கரையில் நகரும் ஏவுமேடையிலிருந்து ஸ்பேஸ் ஸோன் இந்தியாவின் ரூமி-1, அதில் மூன்று கியூப், ஐம்பது பிக்கோ. அதற்கு முன்பே, அதே ஆண்டு மே 30-இல், சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் பிறந்த அக்னிகுல், நான்கு முறை தடைப்பட்ட பிறகு, ஒரே துண்டாக அச்சில் வார்த்த அரைக் கிரையோஜெனிக் என்ஜினோடு தன் சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. இது ஏற்றிப்போனது தன்னைத்தான். என்ஜின் எரிகிறதா, சொன்ன திசையில் திரும்புகிறதா என்று பார்ப்பதே வேலை.

ஆக, காசு கொடுத்தால் ஏற்றிப்போக ஆள் உண்டு என்ற நிலை நம் ஊருக்கும் வந்தாயிற்று. இனி டீச்சரின் கேள்வி.

அவரைத் திரும்ப அழைத்தேன். அந்தப் பெட்டி எதை அளக்கப் போகிறது, அந்த அளவை ராக்கெட் போகும் உயரத்தில்தான் எடுக்க வேண்டுமா என்று வந்தவரிடம் கேட்டீர்களா என்றேன். வெப்பம், அழுத்தம், எல்லாம் அளக்குமாம் என்றார். பறந்து முடிந்ததும் எண்கள் யார் கைக்கு வரும்? “அதக் கேக்கலையே சார். சர்டிபிகேட் தருவாங்களாம்.” கடைகளில் விற்கும் உணர்கருவியை வாங்கி, எழுதித் தந்த நிரலை ஏற்றி, மூடியை மட்டும் பிள்ளைகள் திருகிவிட்டு வருவதற்குப் பெயர் செயற்கைக்கோள் செய்வது என்று ஆகிவிட்டது. எத்தனை பள்ளி, எத்தனை பெட்டி என்ற எண் வெளியே வருகிறது. பெட்டி தந்த எண் வருவதில்லை. தும்பாவில் ஆரஞ்சு மேகத்தைப் படமெடுத்தவர்கள் மறுநாள் உட்கார்ந்து காற்றின் வேகத்தைக் கணக்குப் போட்டார்கள். பாடம் அந்த மறுநாளில்தான் இருந்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் கோலிகாட் என்ற பேராசிரியர் எடையற்ற நிலைச் சோதனைகளை வடிவமைப்பதையே ஒரு வகுப்பாக நடத்தி, மாணவர் செய்தவற்றை இந்த வணிக வண்டிகளில் ஏற்றியிருக்கிறார். அங்கே பறக்கும் நிமிடங்களுக்காகப் பல மாதம் உட்காருகிறார்கள்.

“அப்ப கட்ட வேண்டாங்கறீங்களா?”

வேண்டாம் என்று சொல்லவில்லை டீச்சர். அந்தப் பெட்டியை முதலில் ஏற்காட்டுப் பஸ்ஸில் ஏற்றுங்கள் என்றேன். சூரமங்கலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிட்ட. கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிப்பதற்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 130 மில்லிபார் குறைந்தாக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பிள்ளை எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும், வீட்டுக்கு வந்து வரைபடம் போடட்டும். கோடு நேராக வராது, ஏன் வரவில்லை என்று சண்டை போடட்டும். அதற்குப் பிறகும் இன்னும் மேலே போனால் என்ன ஆகும் என்று அவர்களே கேட்டால், பணத்தைக் கட்டுங்கள். எண்கள் பள்ளிக்கு வரும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

பஸ் செலவை யார் தருவார்கள் என்று கேட்டார் டீச்சர். அதற்கு என்னிடம் பதில் இல்லை, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

(தொடரும். அடுத்த இதழில்: 75 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு ராக்கெட், 1967)